அறுத்த கியரும் நாலு எலுமிச்சம்பழமும்

அத்தியாயம் 14

"அண்ணி, கார் சாவி" என்று ரூபினி கையை நீட்டிய இடத்தில் போன வாரம் நின்றோம். நாத்தனார் வந்து சாவி கேட்டால் எந்த அண்ணிக்குத்தான் சந்தேகம் வராது? பிரேமலாவுக்கும் வந்தது.

சந்தேகப்படக் காரணமும் இருந்தது. அந்த வெள்ளை ஆட்டோ கியர்க் கார், கல்யாணத்துக்கு முந்தியே தன் சம்பளத்தில் அவள் வாங்கியது. அதில்தான் தினமும் தஞ்சோங் காராங்கில் இருக்கும் பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போய் வந்தாள். நாலு மாதத்துக்கு முன், கார் சர்வீசுக்குப் போயிருந்த அன்று, மாமியார் வள்ளியம்மாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் போனாள். மழைத் தண்ணீரில் டயர் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். மாமியாருக்கு ஒரு கீறல் இல்லை. மருமகளுக்கு இடது கை கட்டை விரலில் நரம்பு போய்விட்டது.

மற்ற நாலு விரலும் நல்ல பிள்ளைகள், சொன்ன பேச்சைக் கேட்கும். கட்டை விரல் மட்டும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் ஊர்க் காரிலோ கியர் இடது கைப் பக்கம். அதன் பக்கவாட்டில் இருக்கும் பட்டனைக் கட்டை விரலால் அமுக்கினால்தான், காரை நிறுத்தி வைக்கும் 'பி'யை விட்டு நகரும். ஒரு நாள் வலது கையைக் குறுக்கே போட்டு முயன்று பார்த்தாள். குனிந்ததில் பிரேக்கிலிருந்து கால் நழுவி, கார் பின்னால் ஓடி, மாமியாரின் துளசித் தொட்டியை உடைத்தது. அன்றைக்கே அவள் புருஷன் முகுந்தன், "வித்துடலாம், பிரேமா" என்று முடிவு கட்டிவிட்டான்.

கார் வாங்க ரவாங்கிலிருந்து ஆள் இன்றைக்கு வருகிறார். பாலர் பள்ளியை நடத்தும் கலாவதி டீச்சரோ, "திங்கட்கிழமை வந்துரும்மா. அதுக்கு மேலே உன் இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போச்சு. இன்று சனிக்கிழமை.

இந்த நிலைமையில்தான் சாவி கேட்கிறாள் நாத்தனார்.

"எதுக்கு? அந்த ஆள் வர்றதுக்குள்ள கழுவி வைக்கவா?" பிரேமலாவின் குரலில் உப்புக் கரித்தது.

"கழுவ இல்ல, அண்ணி. அறுக்க."

"எதை?"

"கியரை லா."

 ரூபினி தோள்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். இருபத்து நாலு வயது. கோலா சிலாங்கூர் டவுனில் கார் சாமான் கடையில் வேலை. கடையில் நின்று நின்று, பேச்சிலும் பாதி நட்டும் போல்ட்டுமாகத்தான் வரும். பெட்டிக்குள் கறுப்பாக, உருண்டையாக, ஒரு கியர்க் குமிழ்.

"பாருங்க. இதுல பட்டன் பக்கத்துல இல்ல. உச்சந்தலையில இருக்கு. கட்டை விரலே வேணாம். உள்ளங்கையை மேலே வச்சு ஒரு அமுக்கு, முடிஞ்சிச்சு."

பிரேமலா அதை இடது உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தாள். நாலு விரலும் சுற்றிப் பிடித்தன. உள்ளங்கை அழுந்த, பட்டன் இறங்கியது. நம்பாமல் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தாள்.

"அப்போ பழசைக் கழட்டிட்டு இதை மாட்டிட வேண்டியதுதானே? எதுக்குடி அறுக்கறது?"

"கியர்க் கம்பி உயரம். அது மேலே இதை வச்சா உங்க முழங்கை தூக்கிக்கிட்டு நிக்கும், மேலேயிருந்து அமுக்க முடியாது. ரெண்டு விரக்கடை குறைச்சு, புதுசா மரை வெட்டணும். கடை அங்கிள்கிட்ட சாமான் எல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன்."

"இதுக்கு முன்னாடி அறுத்திருக்கியா?"

"மேனுவல் கார்ல நாலஞ்சு அறுத்திருக்கேன்."

"ஆட்டோ கியர் கார்ல?"

"இன்னிக்குத்தான்."

பொய் சொல்லியிருந்தாலாவது தைரியம் வந்திருக்கும். அறுத்தது தப்பிப்போனால் ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. ஊர் சிரிக்கும், புருஷன் சிரிக்க மாட்டான்.

"உங்க அண்ணன்கிட்ட கேட்டியா?"

"அண்ணன்கிட்ட எதுக்கு? கார் உங்களுது. நீங்க சொல்லுங்க, அறுக்கறேன். வேணாம்னா பெட்டியை மூடிடறேன்."

நாலு மாதமாக வீட்டில் எல்லார் வாயிலும் அது 'அந்தக் கார்'தான். உங்களுது என்று ஒருத்தி சொன்னது பிரேமலாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பெண்ணையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது. சாவியை நீட்டினாள்.

"அறு."

வாசல் போர்ச்சிலேயே வேலை தொடங்கியது. ரூபினி பழைய குமிழைக் கழற்றி, கியரைச் சுற்றி ஒரு பழைய கைலியை இறுக்கிச் சுற்றினாள், இரும்புத்தூள் உள்ளே விழுந்துவிடாமல். பிரேமலா கம்பியை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். ரம்பம் கிறீச்சென்றதும் வாசலில் வள்ளியம்மா வந்து நின்றார்.

"விக்கப் போற காரை ரெண்டு பேரும் சேர்ந்து அறுக்கறீங்களா? நல்லா இருக்கு. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"ம்மா, கொஞ்சம் பேசாம இரும்மா. ரம்பம் வழுக்குது."

வள்ளியம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தேங்காய் எண்ணெய்ப் போத்தலைப் படியில் டொக்கென்று வைத்தார். "எண்ணெய் விட்டு அறுங்கடி. பக்கத்து வீட்டுச் சீனன் காது செவிடாயிரும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரேமலாவின் கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறாத வலி. விழுந்த நாளிலிருந்து, "கை எப்படி இருக்கு?" என்று அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. கஞ்சி வந்தது, கசாயம் வந்தது, துணி துவைத்து மடித்து வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை.

வெளிக் குழாய் அறுந்து கழன்றது. அதற்குள்ளே மெல்லிசாக இன்னொரு கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. ரூபினி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமேதான் அண்ணி கண்டம். பட்டன் அமுக்கறது இந்த உள் கம்பியைத்தான். இது இறங்கினாத்தான் பூட்டு திறக்கும். ரொம்ப அறுத்துட்டா, பட்டன் காத்தைத்தான் அமுக்கும். கொஞ்சமா அறுத்தா, பூட்டு எப்பவும் திறந்தே கிடக்கும். கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. அறுத்த இரும்பு மறுபடி வளராது."

"அப்போ எப்படி அளக்கறது?"

ரூபினி பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து பிரேமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தே குச்சி! பாசார் மாலாம் இரவுச் சந்தையில், குச்சியில் குத்திச் சுட்ட சத்தே இறைச்சியைத் தின்றுவிட்டுக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறாள். அதைக் குமிழின் ஓட்டைக்குள் விட்டு, பட்டன் முட்டும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கம்பியோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு அரிசி அளவு மேலேயே அறுத்தாள். பிறகு அரத்தால் ஒரு தேய், மாட்டிப் பார், கழற்று, இன்னொரு தேய். பிரேமலா முருகா முருகா என்று முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய் விட்டாள்.

கடைசியில் ரூபினி சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, உள்ளங்கையால் அமுக்கினாள்.

டக்.

'பி'யிலிருந்து 'ஆர்', 'ஆர்'இலிருந்து 'டி', மறுபடி 'பி'. வெண்ணெயில் கத்தி போட்டதுபோல் போய் வந்தது.

"ரூபினி..." என்று மட்டும்தான் பிரேமலாவால் சொல்ல முடிந்தது. 

"இப்பவே தேங்க்யூ சொல்லிடாதீங்க. ஓட்டிட்டுச் சொல்லுங்க. ஏறுங்க."

"ஒருத்தரும் ஏறக் கூடாது!" வாசலிலிருந்து வள்ளியம்மா. கையில் அர்ச்சனைத் தட்டு. கூந்தலை முடிந்து, சேலைகூட மாற்றியாகிவிட்டது. "துளசியை இடிச்ச காரு. சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தாம என் மருமக அதுல கை வைக்கக் கூடாது."

எனவே ரூபினி ஓட்ட, மற்ற இருவரும் பின்னால் உட்கார, கார் புக்கிட் பெலிம்பிங் முனீஸ்வரர் கோயிலுக்குப் போனது. கோயிலில் ஏற்கெனவே ஒரு குடும்பம் புது லோரிக்குப் பூசை போட்டுக்கொண்டிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் போய் அர்ச்சனைக்குச் சொல்லுங்க. காருக்குப் பொட்டு நான் வச்சிட்டு வர்றேன்" என்றார் வள்ளியம்மா. கொளுத்தும் வெயில். லோரிக்காரர்கள் முடித்து, இவர்கள் முறை வந்து, தீபாராதனை பார்த்து வெளியே வர வெகு நேரம் ஆகிவிட்டது.

காருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார்.

"நான்தான் திருச்செல்வம். ரவாங்லேர்ந்து. அம்மா போன் பண்ணிச் சொன்னாங்கன்னு, முகுந்தன்தான் நீங்க கோயில்ல இருக்கறதாச் சொன்னாரு. வேற வேலை இருக்கும்மா, அதான் நேரத்தோட வந்துட்டேன்."

"கொஞ்சம் பொறுங்க, அங்கிள்" என்றாள் ரூபினி. "எங்க அண்ணி ஓட்டிக் காட்டுவாங்க. அப்புறம் விக்கறதா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

பூசாரி நாகமணி நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, "எடுங்கம்மா!" என்றார். பிரேமலா நாலு மாதம் கழித்துத் தன் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் பொட்டு, கண்ணாடியில் பொட்டு, கியரில் பெரிய பொட்டு. பிரேக்கை மிதித்தாள். உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அமுக்கினாள். பட்டன் கீழேயே கிடந்தது. மேலே வரவும் இல்லை, கியர் நகரவும் இல்லை. ரூபினி ஓடி வந்து முயன்றாள். அவளுக்கும் அதே கதை. பூசாரி, "எடுங்கம்மா, அடுத்தவங்க நிக்கறாங்க" என்றார். லோரிக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

திருச்செல்வம் எட்டிப் பார்த்தார். "அட, கியரை அறுத்திருக்கீங்களா! யாரு பார்த்த வேலை இது?" உடனே முகுந்தனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். அடுத்த நிமிடம், அவன் வேலை பார்க்கும் ரவாங் தொழிற்சாலையிலிருந்து முகுந்தனின் குரல் கோயில் வாசலெல்லாம் கேட்டது.

"ரூபினி! உனக்கு அறிவு இருக்கா? விக்கற பொருளைப் போய்..."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். கோலா சிலாங்கூரில் குரங்குக்கா பஞ்சம்? ஒரு லோரிக்காரர் அதைச் சொல்லியே சிரித்தார். ரூபினி சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"அரத்தை ஒரு தேய்ப்பு கூடப் போட்டுட்டேன் போல, அண்ணி. உங்க காரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

"சகுனம் சரியில்லம்மா" என்றார் கூட்டத்தில் ஒருவர். வள்ளியம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

 பிரேமலாவின் கண் அந்தக் கியரிலேயே இருந்தது. காலையில் 'டக்'கென்று போனது. இங்கே வரும் வழியெல்லாம் ஒழுங்காகப் போனது. தேய்ப்பு கூடியிருந்தால் அப்போதே தெரிந்திருக்காதா? குனிந்து பார்த்தாள். பட்டனைச் சுற்றிக் கறுப்பாக இருக்க வேண்டிய இடுக்கில் மஞ்சளாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினாள். சந்தனம்! வெயிலில் காய்ந்து காரைபோல இறுகியிருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது. பொட்டு வைத்த விரல் பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டது. குழைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, அதை அங்கேயே பிடித்துக்கொண்டது. பட்டன் ஒரு தடவை மேலே வந்து, பிரேக்கை மிதித்த பிறகு இறங்கினால்தான் பூட்டு விடும்.

சொன்னால் ரூபினி தப்பிப்பாள். ஆனால் ஊர் முன்னால் மாமியார் தலை குனிவார். அந்த அம்மாளைக் குனிய வைக்க பிரேமலாவுக்கு மனம் வரவில்லை, எத்தனை கோபம் இருந்தாலும்.

"ஐயா, கொஞ்சம் பன்னீர் கொடுங்க" என்றாள் பூசாரியிடம்.

சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். இடுக்கில் ரெண்டு சொட்டுப் பன்னீர் விட்டு, ஊற வைத்து, ஊக்கு முனையால் சுற்றிச் சுற்றி மெல்லக் கிளறித் துடைத்தாள். கார் முழுக்கக் கோயில் வாசம். திடீரென்று பட்டன் துள்ளி மேலே வந்தது.

ரூபினி அந்த மஞ்சளைப் பார்த்தாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "ம்மா, நீ..." என்று தொடங்கியவளின் கையை பிரேமலா அழுத்தினாள். சும்மா இரு என்று கண்ணால் சொன்னாள்.

ஆனால் யாராவது மூடி மறைத்துக் காப்பாற்ற, வள்ளியம்மா என்ன பச்சைப் பிள்ளையா?

"அவளை எதுக்கு அடக்கற? சந்தனம் வச்சது நான்தான்!" என்று தட்டைப் பூசாரி கையில் கொடுத்தார். திருச்செல்வத்தின் கையிலிருந்த போனைப் பார்த்துச் சத்தம் போட்டார். "டேய் முகுந்தா, தங்கச்சியைத் திட்டாதடா. அவ வேலை சுத்தம். திட்டணும்னா என்னைத் திட்டு."

"ஏம்மா இவ்வளவு பெரிய பொட்டு?" ரூபினிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"பின்னே? கை பழுதான பிள்ளைக்குக் கையா இருக்கப் போற சாமான். அதுக்கு வைக்காம வேற எதுக்குடி வைக்கறது?"

பிரேமலா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தால் கண்ணீர் தெரிந்துவிடும்.

திருச்செல்வம் நல்ல மனுஷர். போனை அணைத்துப் பையில் போட்டார். "காரை வச்சுக்கம்மா. உனக்குன்னு செஞ்சதை நான் வாங்கி என்ன பண்ண?" என்றவர், போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். "முகுந்தன்தான் ரொம்ப அவசரப்பட்டாரு. சிங்கப்பூருக்குக் கிளம்பறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுக் கொடுங்கன்னு."

சிங்கப்பூரா? எந்தச் சிங்கப்பூர்? யார் கிளம்புவது?  பிரேமலா கேட்பதற்குள் அவர் தன் காரில் ஏறிவிட்டார். ரூபினியைப் பார்த்தாள், அவளும் விழித்தாள்.

"எடுங்கம்மா!" பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, அது வீட்டுக்குப் போய். முதலில் இது. அப்போது இடது பக்கக் கதவு திறந்தது. வள்ளியம்மா பின்னால் போகாமல், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"எடு" என்றார்.

பிரேக். உள்ளங்கை. டக். நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கும் அதிர்வு சீட்டுக்கு அடியில் தெரிந்தது. லோரிக்காரர்கள் கை தட்டினார்கள். பின் சீட்டிலிருந்து ரூபினி, "இப்போ சொல்லலாம் அண்ணி" என்றாள்.

"தேங்க்யூடி, தங்கம்" என்றாள் பிரேமலா. நாலு மாதம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லோடு வந்தது. "நல்லா இருப்படி நீ."

டவுனுக்குப் போகும் வழியில், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் திரும்பும் அந்த முச்சந்தி வந்தது. அவர்கள் விழுந்த இடம். பிரேமலா வேகத்தைக் குறைத்தாள். வள்ளியம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ ஹேண்டலை விட்டிருந்தா உன் கை தப்பிச்சிருக்கும். மோட்டார் என் மேலே விழுந்திருக்கும். நீ விடல. விரல் மாட்டி முறுக்கிக்கிட்டப்பகூட நீ விடல."

"அதை நீங்க பார்த்தீங்களா, அத்தை?"

"பார்க்காம? கண்ணைத் திறந்துகிட்டுத்தானே விழுந்தேன்."

"அப்புறம் ஏன் அத்தை ஒரு நாள்கூட, கை எப்படி இருக்குன்னு கேக்கல?"

 வள்ளியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேட்டு, இனிமே சரியாகாதுன்னு நீ சொல்லிட்டா? நான் எந்த முகத்தோட உன் கையால சோறு வாங்கித் தின்றது?"

கியர் மேல் இருந்த பிரேமலாவின் இடது கை மேல் அவர் கை வந்து படிந்தது. சொல் பேச்சுக் கேட்காத அந்தக் கட்டை விரலை ஒரு தடவை தடவிவிட்டு எடுத்துக்கொண்டது.

"என்னைக் காப்பாத்தின கை, தாயி. நல்லா இருக்கணும்."

"அத்தை..."

"அழாதே. ரோடு தெரியாது."

அப்போது பிரேமலாவின் போன் அடித்தது. வள்ளியம்மா எடுத்துக் காதில் வைத்தார். முகுந்தனின் குரல், யார் எடுத்தது என்றுகூடப் பார்க்காமல் பதறியது: "பிரேமா, அந்தத் திருச்செல்வம் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

மூவருக்கும் கேட்டது. பிரேமலாவின் உள்ளங்கை குமிழை இறுக்கிப் பிடித்தது.

"உங்கம்மா பேசறேன்டா" என்றார் வள்ளியம்மா. "என் மருமக கார் ஓட்டறா. நீ வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, பெல்ட்டைச் சரி செய்துகொண்டார்.

"வீட்டுக்குத் திரும்பாதே, நேரா விடு. திங்கட்கிழமை போக வேண்டிய வழிதானே? தஞ்சோங் காராங் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டே வந்துரலாம்."